செய்தி ஆசிரியர்களே, மீதிக் கதையையும் சொல்லுங்கள்

தமிழ்ச் செய்திச் சேனல்களை நடத்தும் ஆசிரியர்களுக்கு, வணக்கமுங்க.

வெள்ளகோவிலுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உள்ளே உங்களில் ஒருவருடைய சேனல் ஓடிக்கொண்டிருக்கிறது. அம்மா கட்டிலில் அப்படியே தூங்கிவிட்டாள், போய் அணைத்தால் உடனே முழித்துக்கொண்டு "ஏங்கண்ணு நிறுத்துன, அது பாட்டுக்கு ஓடட்டும்" என்பாள், அதனால் அணைக்காமல் வெளியே வந்துவிட்டேன். சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் செய்தி வாசிப்பவர் சொல்வது ஒரு சொல் விடாமல் கேட்கிறது. கூடவே அந்த டம் டம் என்ற இசையும். எங்கேயோ ஒரு ஊரில் கவுன்சிலர்கள் கூட்டம் தள்ளிப்போனதற்கு எதுக்குங்க அந்த இசை?

நான் திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் வந்தால் திங்கட்கிழமை விடிகாலை பஸ் பிடிப்பேன். அம்மாவுக்கு 74 வயது. அப்பா 2017ல் போன பிறகு இங்கே தனியாகத்தான் இருக்கிறாள், எத்தனை கூப்பிட்டாலும் திருப்பூருக்கு வரமாட்டேன் என்கிறாள். அந்த இரண்டு ரூம் வீட்டில் அவளை அடைப்பதும் பாவம்தான். உங்களைத் திட்டுவதற்காக இந்த மடல் இல்லை, திட்டுவதற்கு ஊரில் ஆள் நிறைய இருக்கிறார்கள். எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது, அதைச் சொல்வதற்கு முன்னால் இந்த வாசலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

எனக்கு விவரம் தெரிந்த காலத்தில் விடிந்தால் இந்த வாசலில் ஆள் வந்துகொண்டே இருக்கும். சொசைட்டிக்குப் பால் எடுத்துப்போகிறவர், களை எடுக்க வரும் ஏழெட்டுப் பெண்கள், மோருக்குச் சொம்பைத் தூக்கிக்கொண்டு வரும் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகள், வேலிகளுக்கு நடுவே போகும் இட்டேரிப் பாதையில் ஆடு ஓட்டிக்கொண்டு போகிறவர் நின்று ஒரு சொம்புத் தண்ணீர் குடிப்பார், மாதத்துக்கு ஒரு தடவை பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் வருவார். இவர்கள் எல்லாரும் கொண்டுவந்தது செய்திதான். யார் வீட்டு மாடு கன்று போட்டது, எந்தக் கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது, யார் பையன் பரீட்சைக்குப் பயந்து வீட்டைவிட்டு ஓடிப்போனான். நல்லது மட்டும் வந்தது என்று நினைக்காதீர்கள், அடிதடி, வெட்டு, கிணற்றில் விழுந்தது எல்லாம் இந்தத் திண்ணைக்கு வந்தது. ஆனால் சொன்ன ஆளே நாலு நாள் கழித்து மறுபடி வருவார். "அந்தப் பையன் என்னங்க ஆனான்?" என்று அம்மா கேட்பாள். "பொள்ளாச்சியில மாமன் வூட்ல இருந்தானுங், போய்க் கூட்டியாந்துட்டாங்க" என்று மீதியைச் சொல்லிவிட்டு மோரைக் குடித்துவிட்டுப் போவார்.

அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்லவும் நான் வரவில்லை. இந்த வாசலில் யார் எது வரைக்கும் வரலாம் என்று ஒரு கோடு இருந்தது, கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் எல்லாருக்கும் தெரிந்த கோடு. சிலருக்குத் தனி டம்ளர் இருந்தது, அதையும் இதே திண்ணை ஓரத்தில்தான் கவிழ்த்து வைத்திருந்தோம்.

அப்பாவுடையது ரேடியோ. காலை 7.15க்கு டெல்லியிலிருந்து வரும் ஆகாசவாணிச் செய்தி, சரோஜ் நாராயணசுவாமி வாசித்தால் சத்தம் இன்னும் கொஞ்சம் கூடும், அந்த உச்சரிப்பு அப்பாவுக்கு அவ்வளவு பிடிக்கும். பத்துப் பதினைந்து நிமிஷத்தில் முடிந்துவிடும், அப்புறம் அவர் காட்டுக்குப் போய்விடுவார். கோயமுத்தூரில் 1966ல் வானொலி நிலையம் வந்த பிறகு விவசாயச் சேதியும் கேட்கக் கிடைத்தது, எந்தப் பூச்சிக்கு என்ன மருந்து, எந்த விதை என்று. தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஆடுதுறை 27 நெல்லை ரேடியோவில் கேட்டுப் போட்டதால் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பேர் வந்துவிட்டது, அப்பா அந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பார். செய்தி என்றால் கேட்டுவிட்டு எழுந்து போய் ஏதாவது செய்வது என்றுதான் அவருக்குப் பழக்கம். இதையும் சொல்லிவிடுகிறேன், அது அரசாங்க ரேடியோ, அவசரநிலைக் காலத்தில் அது எதையெல்லாம் சொல்லாமல் விட்டது என்பது ஊருக்கே தெரியும். சத்தம் இல்லாத செய்தியெல்லாம் உண்மைச் செய்தி என்று நான் வாதாட வரவில்லை.

அப்புறம் ஒவ்வொன்றாக மாறியது. நாங்கள் பிஏபி என்கிற பரம்பிக்குளம் ஆழியாறு பாசன வாய்க்காலின் கடைமடை, முறை வரும்போதும் தண்ணீர் வந்து சேருமா என்பது சாமி புண்ணியம். கிணறு போய் போர்வெல் வந்தது, போர் ஆயிரம் அடிக்குப் போனது, பருத்தியும் கம்பும் போய்த் தென்னையும் சொட்டுநீரும் வந்தது. சொட்டுநீர்த் தென்னைக்கு ஆள் எதற்கு? களை எடுக்க வந்த பெண்களின் மகள்களை விடிகாலை பனியன் கம்பெனி வேன் வந்து ஏற்றிப்போகிறது. அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நானே அந்தக் கம்பெனிச் சம்பளத்தில் சாப்பிடுகிறவள், காட்டில் கிடைத்ததைவிட அவர்களுக்கு அங்கே கூலி அதிகம், பி.எஃப் உண்டு, கேன்டீனில் தனி டம்ளர் கிடையாது. தம்பி பெங்களூரில். மாட்டை விற்றாயிற்று, அதனால் சொசைட்டிக்காரரும் வருவதில்லை. இட்டேரிக்கு இரண்டு பக்கமும் இருந்த கிளுவை வேலியைப் பிடுங்கிவிட்டுக் கம்பி வேலி போட்டுவிட்டார்கள், ஆடு ஓட்டுகிறவர் இப்போது ரோட்டு வழியாகப் போகிறார்.

ஆக ஒரு நாளைக்கு இருபது பேர் வந்து பேசிவிட்டுப் போன வாசலில் இப்போது பேசுவது நீங்கள் ஒருவர்தான். காலை ஆறு மணியிலிருந்து ராத்திரி பத்து மணி வரைக்கும். வாசலைக் காலி செய்தது நீங்கள் இல்லை, எங்கள் பிழைப்பும் எங்கள் சௌகரியமும்தான் காலி செய்தது. காலியான இடத்தில் வந்து உட்கார்ந்தது நீங்கள். உட்கார்ந்த பிறகு எப்படிப் பேசுகிறீர்கள் என்பதுதான் என் பேச்சு.

ஒரு சின்ன விஷயம். போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா என்னிடம் "இன்னிக்கு மட்டும் ஏழெட்டுப் பக்கம் சங்கிலி அறுத்துட்டானுங்க கண்ணு" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உட்கார்ந்து பார்த்தேன். ஒரே சம்பவம்தான். ஒரே கேமராக் காட்சி, பைக் வருகிறது, கை நீள்கிறது, அந்தம்மா கீழே விழுகிறார், மறுபடி பைக் வருகிறது. சிவப்பு வட்டம் போட்டு ஒரு தடவை, மெதுவாக ஓட்டி ஒரு தடவை, சேனல் மாற்றினால் அங்கே கறுப்பு வெள்ளையில் ஒரு தடவை. உங்களுக்கு அது ஒரு காட்சியைத் திரும்பப் போடுவது. கண்ணாடி போட்டும் பாதி மங்கலாகத் தெரியும் 74 வயதுக்காரிக்கு அது ஏழெட்டு ஊர், ஏழெட்டுத் திருடன், ஏழெட்டுக் கழுத்து. அன்றைக்கே தாலிக்கொடியைக் கழற்றி அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டாள். அப்பா போன பிறகும் ஊர் என்ன சொன்னாலும் கழற்றமாட்டேன் என்று நின்றவள், உங்கள் சிவப்பு வட்டத்துக்குக் கழற்றினாள்.

நீங்கள் நல்லது செய்ததும் உண்டு, அதையும் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு செரிக்காது. 2019 அக்டோபரில் மணப்பாறைக்குப் பக்கத்தில் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஆழ்துளைக் கிணற்றில் விழுந்ததே, நான்கு நாள் ராத்திரி பகலாக நேரலை போட்டீர்கள். அம்மா சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை, தீபாவளி அன்றைக்கும் விளக்குக் கூட ஏற்றவில்லை. அதைப் பார்த்தபோது எனக்கு உங்கள் மேல் கோபம்தான் வந்தது, ஒரு குழந்தையின் சாவை இப்படியா காட்டுவது என்று. ஆனால் நடுநடுவே யாரோ ஒருவர் வந்து, கைவிட்ட போரை எப்படி மூடுவது என்று சொன்னார். ஐந்தாம் நாள் அம்மா ஆள் கூப்பிட்டு, எங்கள் மேற்குக் காட்டில் தண்ணீர் இல்லாமல் கிடந்த இரண்டு போருக்கும் மண்ணைக் கொட்டி, மேலே கல் வைத்து, சிமெண்டுப் பூசி அடைத்துவிட்டாள். வருஷக்கணக்கில் நாங்கள் சொல்லிச் சொல்லி நடக்காதது. அப்பா நெல் செய்தி கேட்டுவிட்டுக் காட்டுக்குப் போன மாதிரியே இருந்தது எனக்கு.

பயத்தை மட்டும் கொடுக்காமல் கையில் ஒரு வேலையையும் சேர்த்துக் கொடுத்தால் அந்தப் பயம் ஒரு பக்கம் போய் அடங்குகிறது. வேலை இல்லாத பயம் வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன், இது கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தோட்டத்துக்குக் கிழக்கே ஒரு கோழிப்பண்ணை இருக்கிறது, கறிக்கோழி. அதைப் பார்த்துக்கொள்ள ஒடிசாவிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது, புருஷன், பொண்டாட்டி, மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. வாசல் காலியான பிறகு அம்மாவுக்குக் கிடைத்த ஒரே ஆள் போக்குவரத்து அதுதான். பாஷை தெரியாது, ஆனாலும் பேசிக்கொள்வார்கள், நான் பார்த்திருக்கிறேன், அம்மா கொங்குத் தமிழில் பேசுவாள், அந்தப் பெண் அவள் பாஷையில் பதில் சொல்லும், இரண்டு பேரும் தலையாட்டிக்கொள்வார்கள். குழந்தை சாயங்காலமானால் மோருக்கு வந்துவிடும். "ஆத்தா" என்று கூப்பிடச் சொல்லிக் கொடுத்திருந்தாள் அம்மா.

2024 நவம்பர் கடைசியில் பல்லடம் பக்கத்தில் சேமலைகவுண்டம்பாளையத்தில் ஒரு தோட்டத்து வீட்டில் அப்பா, அம்மா, மகன் என்று மூன்று பேரையும் கொன்றுவிட்டுப் போனார்கள். இதை நீங்கள் உருவாக்கினீர்கள் என்று சொன்னால் நான் பொய்க்காரி. அது நடந்தது. எங்களை மாதிரி ஒரு வீடு, எங்களை மாதிரி ஆட்கள், சுற்றிலும் காடு, கூப்பிட்டால் கேட்க ஆள் இல்லாத தூரம். அன்றைக்கு இந்தப் பக்கம் தோட்டத்து வீட்டில் அப்பா அம்மாவை விட்டுவிட்டு வெளியூரில் வேலை பார்க்கிற ஒவ்வொருவருக்கும் வயிற்றைக் கலக்கியது. நானும்தான் உடனே கேமரா போட்டேன், நாய் வாங்கினேன், ராத்திரி பத்து மணிக்குப் போன் போட்டுக் கதவு சாத்தியாச்சா என்று கேட்க ஆரம்பித்தேன். பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படுவது சரிதான்.

ஆனால் பிடிபடாத மாதங்களில் என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். யார் செய்தது என்று யாருக்கும் தெரியாது. தெரியாத இடத்தில் ஒரு சொல்லைக் கொண்டுவந்து வைத்தார்கள். டீக்கடையில் வைத்தார்கள், கல்யாண மண்டபத்தில் பந்தியில் உட்கார்ந்துகொண்டு வைத்தார்கள், உங்கள் விவாத மேடையில் உட்கார்ந்தவரும் வைத்தார். 'வட மாநிலத்தவரா?' என்று. நீங்கள் நேராகச் சொல்லவில்லை, சரி. கடைசியில் ஒரு கேள்விக்குறி போட்டீர்கள். அந்தக் கேள்விக்குறி வக்கீலுக்குப் போதும், அம்மாவுக்கு அது கண்ணிலேயே படவில்லை.

கேட்டைப் பூட்டினாள். குழந்தை சாயங்காலம் கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்று "ஆத்தா" என்று கூப்பிட்டிருக்கிறது, டிவி சத்தத்தில் காது கேட்காத மாதிரி உள்ளேயே உட்கார்ந்திருந்தாளாம். அவளே என்னிடம் சொன்னாள். "எனக்கும் வெசனமாத்தான் இருந்துது கண்ணு, ஆனா யாரு என்னன்னு நமக்கென்ன தெரியும்?" இரண்டு வருஷமாக மோர் ஊற்றியவள் இப்படிக் கேட்கிறாள்.

2025 மே தொடக்கத்தில் சிவகிரி பக்கம் இன்னொரு தோட்டத்து வீட்டில் வயதான தம்பதியைக் கொன்றார்கள். முத்தூர் வழியாகப் போனால் எங்களுக்கு அது பக்கம். அந்த மாதமே போலீஸ் ஆட்களைப் பிடித்தது. பிடிபட்டவர்கள் அறச்சலூர்ப் பக்கத்து ஆட்கள். நம்ம ஊர், நம்ம பாஷை. பல்லடம் கொலையிலும் இவர்களுக்குத் தொடர்பு என்று போலீஸ் சொன்னது. குற்றம் யாருடையது என்று தீர்மானிப்பது கோர்ட்டு, அதில் நான் தலையிடவில்லை. ஆனால் அத்தனை மாதம் அந்தக் கேள்விக்குறி யார் தலைக்கு மேலே தொங்கியது?

கைதுச் செய்தியையும் போட்டீர்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கேள்வி கேட்டவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து "அன்றைக்கு இப்படிச் சொன்னீர்களே, இப்போது என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்ட ஒரு விவாதத்தை நான் பார்க்கவில்லை. அம்மாவும் பார்க்கவில்லை, அவள் தூங்கும் நேரம் போக உங்களை விட்டு நகராதவள். நான் எடுத்துச் சொன்னேன், "அம்மா, பிடிச்சுட்டாங்க, அவிங்க இல்லையாம், நம்ம பக்கத்து ஆளுங்களாம்." கேட்டுக்கொண்டிருந்துவிட்டு "அப்படியா?" என்றாள். கொஞ்சம் நேரம் கழித்து, "இவிங்க இல்லாட்டி இன்னொருத்தன் வருவான்" என்றாள். அவ்வளவுதான். ஆறு மாதமாக ஊறிய பயம் ஒரு நாள் செய்தியில் வடியுமா?

அதற்குள் அந்தக் குடும்பமும் போய்விட்டது. யாரும் விரட்டவில்லை. யாரும் பேசவில்லை, அதனாலேயே போய்விட்டார்கள் என்று பண்ணைக்காரர் சொன்னார்.

இதில் எனக்கு ரொம்பக் குத்துவது எது என்றால், இதே கதையின் மறுபக்கத்தை நான் கம்பெனியில் கண்ணால் பார்த்திருக்கிறேன். 2023 மார்ச். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை வெட்டுகிறார்கள், கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் வடக்கே பரவின. வேறெங்கோ நடந்த வேறு சண்டைகளின் காட்சியை எடுத்துத் தமிழ்நாடு என்று பேர் ஒட்டியிருந்தார்கள். சில பத்திரிகைகளும் அதை எடுத்துப் போட்டன. திருப்பூரில் டெய்லர் பையன்களின் போன் ஓயவில்லை. எல்லாம் அம்மாக்கள். ஒரு பையன் ஸ்பீக்கரில் போட்டான், அந்தப் பக்கம் ஒரு கிழவி அழுகிறாள், சூப்பர்வைசர் மொழிபெயர்த்தார், "உடனே கிளம்பி வா, அங்கே இருந்தால் கொன்றுவிடுவார்களாம், டிவியில் காட்டுகிறார்கள்." பையன் சிரித்துக்கொண்டே "இங்கே ஒன்றும் இல்லை, மதியம் முட்டைக் குழம்பு சாப்பிட்டேன்" என்கிறான், அவள் நம்பவில்லை. பெற்ற பிள்ளை சொல்வதைவிட டிவி சொல்வது பெரிதாகப் போய்விட்டது. ரயில்வே ஸ்டேஷனில் கூட்டம். ஹோலிக்கு ஊருக்குப் போகிறவர்கள் பாதி, பயந்து போகிறவர்கள் பாதி, யார் எது என்று பிரிக்க முடியவில்லை. கலெக்டர், போலீஸ் எல்லாம் இந்தியில் பேசி வீடியோ போட வேண்டியதாயிற்று, பீகார் அரசே அதிகாரிகளை அனுப்பித் திருப்பூரிலும் கோயமுத்தூரிலும் பார்த்துவிட்டுப் போகச் சொன்னது. பொய் பரப்பியவர்கள் மேல் வழக்குப் போட்டார்கள்.

அன்றைக்கு எங்களுக்கெல்லாம் எவ்வளவு கோபம் தெரியுமா? நம்மைப் போய்க் கொலைகாரர்கள் என்கிறார்களே, இந்த வடக்கத்திச் சேனல்காரர்களுக்குப் புத்தி இல்லையா என்று ஆபீசில் எல்லாரும் பொரிந்து தள்ளினோம். நானும்தான். பீகாரில் ஒரு அம்மா எங்களைப் பார்த்துப் பயந்தாள். இரண்டு வருஷம் ஆகவில்லை, வெள்ளகோவிலில் ஒரு அம்மா அவர்களைப் பார்த்துப் பயந்தாள். இரண்டு பேரும் ஒரே மாதிரிக் கட்டிலில், ஒரே மாதிரி டிவிக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

நீங்கள் சொல்வீர்கள், இதற்கெல்லாம் நாங்கள் மட்டுமா காரணம், வாட்ஸப் இல்லையா, மனுஷ மனம் இல்லையா என்று. ஒப்புக்கொள்கிறேன். 2018ல் பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வாட்ஸப் வதந்தியில் திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்குப் போன ஒரு வயதான அம்மாவை, குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததற்காக அடித்தே கொன்றார்கள். அந்த வருஷம் ஜூலையில், ஒரு செய்தியை ஐந்து பேருக்கு மேல் ஒரே நேரத்தில் தள்ளிவிட முடியாதபடி வாட்ஸப்பே கட்டுப்பாடு போட்டது. போனுக்காவது அப்படி ஒரு மூக்கணாங்கயிறு வந்தது. ஒரே காட்சியை இத்தனை தடவைக்கு மேல் காட்டமாட்டோம் என்று உங்களில் யாராவது உங்களுக்கே போட்டுக்கொண்டது உண்டா?

மனுஷ மனத்தைப் பற்றியும் தெரியும், என்னையே வைத்துச் சொல்கிறேன். 1998 பிப்ரவரி 14ல் கோயமுத்தூரில் குண்டுகள் வெடித்தபோது நான் அங்கே ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். 58 பேர் செத்தார்கள். அப்போது 24 மணி நேரத் தமிழ்ச் செய்திச் சேனல் ஒன்றுகூடக் கிடையாது. ஆனாலும் எங்கள் ஹாஸ்டலில் எல்லாருக்கும் மனசுக்குள் ஒரு வரைபடம் வந்துவிட்டது, இந்தத் தெருவுக்குப் போகலாம், இந்தத் தெருவுக்குப் போகக்கூடாது என்று. முஸ்லிம்கள் நிறைய வசிக்கும் உக்கடம், கோட்டைமேடு பக்கம் நான் அப்புறம் மூன்று வருஷம் போகவில்லை. கூடப் படித்த ஒருத்தி கோட்டைமேட்டிலிருந்து வருகிறவள், நோம்பிக்கு எல்லாரையும் வீட்டுக்குக் கூப்பிட்டாள், ஏதோ சாக்குச் சொல்லிப் போகாமல் இருந்துவிட்டேன். அவளுக்குத் தெரிந்திருக்கும். கேட்டைப் பூட்டிய அம்மாவைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று அவ்வப்போது தோன்றும். அதனால்தான் அவளை விட்டுவிட்டு உங்களுக்கு எழுதுகிறேன், அவளுக்கு வயது 74, உங்களுக்கு அது தொழில்.

ஜார்ஜ் கெர்ப்னர் என்று அமெரிக்காவில் ஒரு பேராசிரியர் இருந்தார். 1970களில் அங்கே டிவி பார்ப்பவர்களை ஆராய்ந்து, அதிக நேரம் பார்க்கிறவர்கள் உலகம் இருப்பதைவிடக் கொடூரமானது என்று நம்புகிறார்கள் என்று சொன்னவர். தம்பி மகள் இதைப் படிக்கிறாள், அவள்தான் சொன்னாள். அவர் முக்கியமாக எடுத்துக்கொண்டது நாடகங்களை, கற்பனைக் கொலைகளை. அதற்கே அப்படி என்றால் நிஜக் கொலையை இசை போட்டு நாள் முழுக்க ஓட்டினால் என்ன ஆகும் என்று கேட்க ஒரு ஆராய்ச்சி வேண்டுமா, எங்கள் வீட்டுத் திண்ணை போதாதா?

சரி, கோரிக்கை. கொலையைக் காட்டாதே, நல்ல செய்தி மட்டும் போடு என்று நான் கேட்கவில்லை. நல்ல செய்தி மட்டும் போட்டால் நொய்யல் ஆற்றில் சாயத்தண்ணீர் ஓடியதை யார் சொல்லியிருப்பார்கள்? விடாமல் சொன்னதால்தான் கோர்ட்டு வரைக்கும் போய் 2011ல் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. எங்கள் கம்பெனிக்கும் அதில் அடி விழுந்தது, இருந்தாலும் அந்த உத்தரவு சரிதான்.

நான் கேட்பது, ஆரம்பித்ததை முடியுங்கள். அன்றைக்குத் திண்ணைக்கு வந்தவர் நாலு நாள் கழித்து வந்து மீதியைச் சொன்னாரே, அந்த வேலை. தொலைந்த பிள்ளை கிடைத்துவிட்டால் தொலைந்ததைச் சொன்ன அதே நேரத்தில், அதே அளவு எழுத்தில் போடுங்கள். சந்தேகப்பட்டது தப்பு என்று தெரிந்தால் சந்தேகப்பட்டவரையே கூட்டிவந்து சொல்ல வையுங்கள். அந்த டம் டம் இசையை அதற்கும் போட்டுக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. கேமராக் காட்சியைத் திரும்பப் போட்டால் 'காலையில் காட்டியதுதான்' என்று கொட்டை எழுத்தில் மேலே எழுதுங்கள். எந்த ஊர், எந்த மாவட்டம் என்பதை வாயால் சொல்லுங்கள், வாசிக்க முடியாத வேகத்தில் கீழே ஓடவிடாதீர்கள். அம்மாவுக்குத் திருவள்ளூரில் நடந்ததும் திருப்பூரில் நடந்ததும் ஒன்றாகத்தான் கேட்கிறது.

குற்றச் செய்திக்கு மட்டும் இல்லை. அத்திக்கடவு அவிநாசித் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள், அறுபது வருஷத்துக்கு மேலே ஜனங்கள் கேட்டு, 1,900 கோடிக்கு மேல் செலவாகி, 2024 ஆகஸ்டில் தொடங்கி வைத்தார்கள். 1,045 குளம் குட்டைக்குத் தண்ணீர் என்று அன்றைக்கு நாள் முழுக்கக் காட்டினீர்கள், சந்தோஷமாக இருந்தது. அப்புறம்? எந்தக் குட்டையில் தண்ணீர் நின்றது, எந்தக் குட்டைக்கு வரவில்லை, யார் கிணறு ஊறியது என்று ஒரு ஆள் பைக்கை எடுத்துக்கொண்டு சுற்றினால் ஒரு வருஷத்துக்குச் செய்தி இருக்கிறது. அவிநாசிப் பக்கம் அம்மாவின் தங்கச்சி இருக்கிறாள், அங்கே தண்ணீர் வந்ததா என்று அம்மா இன்னும் என்னைத்தான் கேட்கிறாள், உங்களிடம் கேட்டுப் பயனில்லை என்று அவளுக்கும் தெரிந்துவிட்டது போல.

இதில் காசு இல்லை என்பீர்கள். இருக்கலாம். ரேட்டிங் கணக்கு எனக்குப் புரியாது, பில் கணக்கு மட்டும்தான் புரியும். ஆனால் ஒன்று தெரியும், "அது என்னங்க ஆச்சு?" என்ற கேள்வி மனுஷருக்கு விடாது. சீரியல்காரர்கள் அதை வைத்தே இருபது வருஷம் ஓட்டிவிட்டார்கள்.

கடைசியாக ஒன்று, இது அம்மாவின் கேள்வி. ஆறேழு மாதம் முன்னால் உங்களில் யாரோ ஒருவர், ஒரு பஸ் ஸ்டாண்டில் காணாமல் போன பையனைப் பற்றிப் போட்டீர்கள். நீலச் சட்டை, பள்ளிக்கூடப் பை, அவன் அம்மா மைக்குக்கு முன்னால் நிற்க முடியாமல் தரையில் உட்கார்ந்து அழுதாள். எந்தச் சேனல், எந்த ஊர் என்று அம்மாவுக்கு ஞாபகம் இல்லை. இரண்டு நாள் காட்டினீர்கள், மூன்றாம் நாள் வேறு ஏதோ வந்துவிட்டது. இன்றைக்குச் சோறு போட்டுக்கொண்டே, "அந்த நீலச் சட்டைப் பையன் கெடச்சானா கண்ணு?" என்று கேட்டாள். நான் போனில் தேடித் தேடிப் பார்த்தேன், தொலைந்த செய்திதான் திரும்பத் திரும்ப வருகிறது. கிடைத்திருந்தால் தயவுசெய்து போடுங்கள். ராத்திரி ஒன்பது மணிக்குப் போட்டீர்கள் என்றால் தூங்கிவிடுவாள், எட்டு மணிக்குப் போடுங்கள்.

இப்படிக்கு,
வெள்ளகோவில் பக்கத்துத் தோட்டத்து வீட்டு மகள்